மஞ்சணத்தி நின்ற புஞ்சை

கனகவேல் அண்ணாச்சி தன் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர். பாத்திரக்கடையை மகன் கையில் கொடுத்த பிறகுதான் கேமராவைத் தொட்டார். கற்றுக்கொடுத்தவர் மஹ்மூதா. கோவில்பட்டியில் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். அண்ணாச்சியும் அப்படியே அழைத்தார்.

அண்ணாச்சிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு படம். கரிசல் காட்டில் தனியாக நிற்கும் மஞ்சணத்தி மரம். மேலே வெளுத்த வானம், கீழே கறுப்பு மண், நடுவில் மரம். வேறு எதுவும் இல்லை. படம் கைப்பேசிகளில் ஏறி ஊர் ஊராகப் போனது. ஒரு போட்டியில் பரிசும் வாங்கியது.

மறு வருஷம் ஐப்பசியில் அண்ணாச்சி டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"மேகம் திரண்டு நிக்குது டீச்சர். அந்த மரத்தை இந்த வானத்தோட எடுக்கணும். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு அண்ணாச்சி?"

"போன தடவையைவிடக் குறைவா எடுக்க ஆசை. படத்துல இருந்து இன்னும் எதை விடலாம்னு எனக்குத் தெரியல. நீங்க பார்த்தாத் தெரியும்."

டீச்சர் கிளம்பினார்.

தார்ச்சாலையில் காரை நிறுத்திவிட்டு வண்டிப்பாதையில் நடந்தார்கள். மரம் கண்ணில் படும் முன்பே ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் உறுமி உறுமி அடங்கும் சத்தம்.

"ரம்பம் மாதிரி இருக்கே" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி ஓட ஆரம்பித்தார்.

புஞ்சையின் ஓரத்தில் மர அறுப்பு மிஷினோடு ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். புஞ்சையில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. சில வரிசைகள் ஒழுங்காக ஓடின. சில வரிசைகள் பாதியில் நின்றுபோயிருந்தன. அவற்றின் குறுக்கே டயர் தடங்களும் செருப்புத் தடங்களும் மரத்தை நோக்கிப் போயிருந்தன. ஓரத்தில் போட்டிருந்த முள்வேலியை யாரோ இழுத்து ஒதுக்கியிருந்தார்கள்.

"அறுக்காதீங்க!" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க.

அந்தப் பெண் திரும்பினாள். கெங்கம்மாள் என்று பெயர். புஞ்சை அவளுடையது. அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான அது?"

அண்ணாச்சிக்குப் புரியவில்லை.

"போன வருஷம் இந்த மண்ணுல குப்புறப் படுத்துக்கிட்டுப் படம் எடுத்தீக. தண்ணி கேட்டீக. குடத்துல இருந்து நான்தான் ஊத்துனேன்."

அண்ணாச்சியின் முகம் மாறியது. "ஆமாம்மா" என்றார்.

அவள் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள்.

"இதுல என் புஞ்சை எங்க இருக்கு?"

அண்ணாச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் உளுந்து முளைச்சுத்தான் கிடந்துச்சு. அந்தா, மோட்டார் ரூம் அன்னைக்கும் இருந்துச்சு. நான் களை எடுத்துக்கிட்டு நின்னேன். இதுல ஒண்ணையும் காணோமே. எங்க போச்சு?"

"அதெல்லாம்... படத்துக்குத் தேவைப்படலம்மா. கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன்."

"என்னையுமா?"

அண்ணாச்சி தலையை மட்டும் அசைத்தார்.

"அதான் வாராக" என்றாள் கெங்கம்மாள். "தெனமும் வாராக. கல்யாண சோடி வருது, காலேஜ் பிள்ளைக வருது. கேட்டா, வெறும் பொட்டல்தானம்மாங்காக. ரெண்டு தடவை அழிஞ்சு ரெண்டு தடவை விதைச்சாச்சு. இது மூணாவது. இதுவும் போச்சுன்னா இந்த வருஷம் நான் வாயில மண்ணைத்தான் போடணும். லூர்து, மிஷினைப் போடு."

"மரம் என்னம்மா பாவம் செஞ்சது?" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு மட்டும் வெட்ட ஆசையா? இந்தக் காட்டுல உச்சி வெயிலுக்கு நான் ஒதுங்க அது ஒண்ணுதான் இருக்கு. அதுக்கடியில உக்காந்துதான் கஞ்சி குடிக்கேன்." அவள் லூர்து பக்கம் திரும்பினாள். "லூர்து, ஒன்னத்தான்."

லூர்து வானத்தைப் பார்த்தான். எழுந்து மிஷினைத் தூக்கினான்.

அண்ணாச்சி டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா? வேண்டாததை எல்லாம் எடுத்துடுங்கன்னு சொன்னது நீங்கதானே? நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?"

"நான்தான் சொன்னேன்" என்றார் டீச்சர். "பாதிதான் சொல்லியிருக்கேன்."

"மீதி என்ன?"

டீச்சர் அவர் தோளிலிருந்து கேமராப் பையை வாங்கிக்கொண்டார்.

"மரத்தடிக்குப் போங்க அண்ணாச்சி. ஒரு முளைகூட மிதிபடக் கூடாது."

"புஞ்சைக்குள்ள இனி ஒருத்தரும் கால் வைக்கப்படாது!" என்றாள் கெங்கம்மாள்.

"ஒண்ணு மிதிபட்டாலும் மிஷினைப் போடச் சொல்லுங்க அக்கா. நாங்க வாய் திறக்காமப் போயிடுறோம்."

"மிதிக்காமப் போயிட்டா?"

"அப்பவும் உங்க இஷ்டம்தான். உங்க மரம்."

இப்படி ஒரு பேச்சைக் கெங்கம்மாள் எதிர்பார்க்கவில்லை.

"செருப்பைக் கழத்தச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். மரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. போன வருஷம் அந்தத் தூரத்தை அவர் கவனித்ததே இல்லை. லென்ஸைத் திருகினால் மரம் பக்கத்தில் வந்துவிடும்.

முதல் வரிசையைத் தாண்டினார். கரிசல் ஈரத்தில் பாதம் புதைந்தது. ஒட்டிய மண்ணோடு கால் ஒவ்வொரு எட்டுக்கும் கனத்தது, அகலமானது. வரிசைகளுக்கு நடுவில் பாதம் கொள்ளும் இடம்தான் இருந்தது. மரத்தைப் பார்த்து நடக்க முடியவில்லை. தரையைப் பார்த்துத்தான் நடக்க முடிந்தது.

லூர்து மிஷினை இறக்கவில்லை. கெங்கம்மாள் அவர் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாதித் தூரம் போனதும் வரிசைகள் முடிந்துபோயின. முன்னால் வெறும் மண். பச்சையே இல்லை. அண்ணாச்சிக்கு நிம்மதியாக இருந்தது. தாராளமாகக் காலை எடுத்து வைக்கப் போனவர், அந்தரத்திலேயே நிறுத்தினார்.

மண்ணில் விரல் குத்திய அடையாளங்கள் இருந்தன. இங்கொன்றும் அங்கொன்றுமாக, வரிசையே இல்லாமல்.

"டீச்சர்!" என்று கத்தினார். "இங்க என்னமோ ஊனியிருக்கு. எங்க இருக்கு, எங்க இல்லைன்னு தெரியல!"

டீச்சருக்கும் அது தெரியவில்லை.

"டீச்சர்! கால் நிக்க மாட்டேங்குது!"

ஒற்றைக் காலில் அவர் உடம்பு ஆடியது. பின்னால் திரும்பவும் முடியவில்லை. டீச்சர் கேமராப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

கெங்கம்மாள்தான் நாலு எட்டு உள்ளே வந்தாள்.

"அந்தக் காலை அங்கன வைக்காதீக! விதை கிடக்கு. இந்தப் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். ம், அங்கன ஊனுங்க. அடுத்தது அந்தக் கல்லுகிட்ட. கல்லு மேலேயே வைங்க."

அண்ணாச்சி கல்லின் மேல் கால் வைத்தார்.

அப்போது வண்டிப்பாதையில் ஒரு கார் வந்து நின்றது. பட்டு வேட்டியில் ஒரு மாப்பிள்ளை, கனத்த பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண், கேமராக்களோடு இரண்டு இளைஞர்கள். ஒருவன் புஞ்சையைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். நடுவில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தான்.

"அங்கிள்! ஃப்ரேம்ல நிக்கிறீங்க. கொஞ்சம் நகருங்க!"

"உள்ள வராதீங்க தம்பி. பயிர் இருக்கு!"

"எங்க அங்கிள்? போட்டோல வெறும் மண்ணுதானே?"

"கீழ பாருங்க. காலுக்குக் கீழ பாருங்க!"

"பத்து நிமிஷம்தான் அங்கிள். வெளிச்சம் போயிடும்."

"நான் நகர மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. வயலின் நடுவில், கல்லின் மேல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். நகரவும் அவருக்கு இடமில்லை.

இளைஞன் மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். அண்ணாச்சிக்குக் கேட்கும்படிதான் சொன்னான்.

"விடுங்க ப்ரோ. அந்தாளு நிக்கட்டும். அப்புறம் அழிச்சுக்கலாம்."

அண்ணாச்சியின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

இளைஞன் ஓரத்து வரிசையில் காலை வைத்தான். உளுந்து நசுங்கியது.

"லூர்து!" என்றாள் கெங்கம்மாள்.

மிஷின் அலறியது. அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியவில்லை. மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். இளைஞன் எடுத்து வைத்த காலை எடுக்காமலே நின்றான். லூர்து மிஷினோடு நின்றான். கெங்கம்மாள் இளைஞனுக்கு நேராக வந்து நின்றாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அவன்தான் கண்ணைத் தாழ்த்தினான்.

மேகம் அப்போது உடைந்தது. பெரிய பெரிய துளிகள். இளைஞர்கள் கேமராக்களைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு காருக்கு ஓடினார்கள். கதவை அடைக்கும்போது ஒருவன் சொன்னது காற்றில் வந்தது.

"நாளைக்கு வெள்ளன வந்துடலாம்."

கார் போனது. லூர்து மிஷினை அணைத்தான். மழை சும்மா மிரட்டிவிட்டுத் தூறலாக இறங்கியது.

"கேட்டீகளா?" என்றாள் கெங்கம்மாள். "நாளைக்கும் வருவாகளாம். நீங்க நாளைக்கும் வந்து நிப்பீகளா?"

அண்ணாச்சி மீதித் தூரத்தையும் அவள் சொல்லச் சொல்ல நடந்தார். மரத்தடிக்குப் போய் அடிமரத்தில் கையை வைத்தார். தலையைத் தூக்கி அதன் கிளைகளைப் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்து, குடையை விரித்தது போல அவை வானத்தில் பரவியிருந்தன. அந்தச் சாய்வுக்காகத்தான் அவர் போன வருஷம் அந்த மண்ணில் படுத்துக் கிடந்தார்.

அங்கிருந்தே சொன்னார்.

"மரத்தை அறுக்க வேண்டாம்மா. அவங்க மரத்துக்கா வர்றாங்க? இந்த அழகுக்குத்தான் வர்றாங்க. இந்தக் கிளையை எல்லாம் கழிச்சுடுங்க. மொட்டையா விட்டுடுங்க. அப்புறம் ஒருத்தனும் வர மாட்டான்."

கெங்கம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"தழைக்குமா லூர்து?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"மஞ்சணத்திதான அக்கா. மழைக்காலம் வேற. தழைச்சிரும். ஆனா இந்தக் குடை வாட்டம் திரும்ப வராது. புதர் மாதிரி கிளம்பும்."

"நெழல் இருக்குமா?"

"ரெண்டு வருஷத்துல இருக்கும்."

அவள் மழையில் நனைந்தபடி யோசித்தாள். பிறகு லூர்துவைக் கூட்டிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைக் காட்டிக் காட்டி மரத்தடிக்கு வந்தாள்.

முதல் கிளை விழுந்தபோது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கிளைக்குக் கண்ணைத் திறந்தார். அது முளைகளின் மேல் விழாமல் கையில் தாங்கிக்கொண்டார். சட்டை கிழிந்தது. விழுந்த கிளைகளைத் தோளில் போட்டு, கெங்கம்மாள் சொன்ன தடத்திலேயே நடந்து ஓரத்தில் கொண்டுபோய்ப் போட்டார். திரும்பி வந்தார். மறுபடியும் சுமந்தார். டீச்சரும் பையைப் பாதையில் வைத்துவிட்டு, ஒதுக்கிக் கிடந்த முள்ளை இழுத்து வேலியைச் சேர்த்துக்கட்டினார்.

வேலை முடிந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. வானத்தில் மேகம் அடுக்கடுக்காக நின்றது. அதன் கீழே மரம் ஒரு கட்டையாக நின்றது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் பச்சை மஞ்சள் கிழங்கு போலத் தெரிந்தது. லூர்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கெங்கம்மாள் புஞ்சைக்குள்ளேயே இருந்தாள். அந்த இளைஞன் மிதித்த இடத்தில் உட்கார்ந்து, சாய்ந்த முளைகளை நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி பாதையில் நின்று அவளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மோட்டார் ரூமைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து கேமராவை எடுத்தார். அவர் விரல்களெல்லாம் கரிசல் மண்.

"ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன் டீச்சர்."

"எடுங்க."

"எங்கிருந்து எடுக்கட்டும்?"

டீச்சர் காலில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவங்க உங்களை எங்க நிக்கச் சொல்றாங்களோ, அங்கிருந்து."