விரலுக்குக் கீழே

சாரம் சரிந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த பெயிண்டர் பொன்னுலிங்கத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு செத்து ஒரு மாதமாகியிருந்தது. இயன்முறை மருத்துவம் படிக்கும் ஜெபசிங் அவர் தொடைமேல் விரலை வைத்து, “முட்டியை நீட்டப் பாருங்க அண்ணாச்சி” என்றான்.

பொன்னுலிங்கம் பல்லைக் கடித்தார். நெற்றி வியர்த்தது. மனைவி வடிவு காலைப் பார்க்கவில்லை. ஜெபசிங்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலுக்குக் கீழே ஏதோ துடித்தது.

தசை அசையவே இல்லையென்றால் மதிப்பெண் பூஜ்யம். துடிப்பு மட்டும் தட்டுப்பட்டால் ஒன்று. ஜெபசிங் ஒன்று என்று எழுதினான். அதோடு வாயை அடக்கவும் முடியவில்லை.

“அண்ணாச்சி, காலுக்கு உசுரு வருது!”

வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாளிலிருந்து பொன்னுலிங்கம் கைப்பயிற்சி செய்யவில்லை. கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது.

“காலு வருதுல்லா சார்? பொறவு கைக்கு எதுக்குக் கசரத்து? நான் என்ன பயில்வான் போட்டிக்கா போறேன்?”

நாற்காலியை வெளியே தள்ளச் சொன்னார். காலை எதிர்பார்த்து மல்லாந்தே கிடந்தார். பன்னிரண்டாம் நாள், வாலெலும்பின் மேல் படுக்கைப்புண் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்துகொண்டது.

விடுப்பு முடிந்து வந்த ஆசிரியை மெஹருன்னிசா புண்ணைப் பார்த்தார். ஜெபசிங் எழுதியதைப் பார்த்தார். பிறகு தொடையில் தன் விரலை வைத்து, நீட்டச் சொல்லி, நெடுநேரம் காத்திருந்தார். ஜெபசிங்கைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார்.

“நான் பொய் எழுதலை மேடம். சத்தியமாத் துடிச்சுது.”

“இந்த மேசைமேல விரலை வை. அன்னிக்கு அழுத்தின மாதிரியே அழுத்து. கண்ணை மூடிக்கோ.”

அழுத்தினான். சற்று நேரத்தில் அவன் முகம் வெளிறியது. விரல்நுனியில் அவனுடைய ரத்தமே விம்மி விம்மி அடித்துக்கொண்டிருந்தது.

“துடிக்குதா?”

“துடிக்குது மேடம்.”

“அப்போ மேசைக்கும் ஒண்ணு போட்டுரு.”

ஜெபசிங் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“நான் போய்ச் சொன்னா, தாங்குவாரா மேடம்?”

“தாங்க மாட்டார்” என்றார் மெஹருன்னிசா. “பத்து மணிக்குச் சொல்லு. பதினொண்ணுக்குக் கைப்பயிற்சி.”