ஊம் சொன்ன செம்போத்து

அந்தக் காலத்தில், காக்கையும் கீரியும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசித் திரிந்த நாளில், ஓர் ஓடைக்கரையில் ஒரு செம்போத்துக் குடும்பம் இருந்தது. செம்போத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காக்கை அளவு இருக்கும். உடம்பு கறுப்பு, இறக்கை மட்டும் செங்கல் நிறம். பறப்பதற்கு அலுத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தே போகிற ஆள். அந்த நாளில் அதன் கண்ணும் கறுப்பாகத்தான் இருந்தது.

அப்பன் பெயர் உடையான். தாய் செவத்தாள். மகன் பொட்டு. செம்போத்து வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடுவதும் பகலில் அடைகாப்பதும் தாய் வேலை. ராத்திரி அடைகாப்பதும் குஞ்சைத் தூங்கவைப்பதும் அப்பன் பாடு. மற்ற பறவைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். உடையான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான். தன் இறக்கைக்குள் பொட்டு மூக்கைப் புதைத்துத் தூங்கும்போது கிடைக்கிற சுகம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வான்.

அந்தச் சுகம்தான் வினையாகிப் போனது. பொட்டு வளர்ந்துவிட்டான். வால் நீண்டுவிட்டது. தானாக வெட்டுக்கிளி பிடிக்கிறான், கொம்புக்குக் கொம்பு தாவுகிறான். பகலெல்லாம் பெரிய மனுசன், பொழுது சாய்ந்தால் கைக்குழந்தை. அப்பன் இறக்கைக்குள் நுழைந்து, கழுத்து இறகு ஒன்றை அலகால் கவ்விக்கொண்டால்தான் கண்ணை மூடுவான். அப்பன் கால் மாற்றி நின்றால்கூட முழித்துக்கொள்வான். முழித்தால் அழுகை, அதுவும் அக்கரைவரை கேட்கிற அழுகை. அதற்குப் பயந்து உடையான் ராத்திரி முழுக்க ஆடாமல் அசையாமல் நின்றான். தூக்கம் கெட்டுக் கெட்டு அவன் கண் முதலில் ஓரத்தில் சிவந்தது. அப்புறம் மிளகாய்ப் பழம் மாதிரி முழுக்கச் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பு அப்புறம் போகவே இல்லை, அவன் வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது.

இந்த நேரம் பார்த்துச் செவத்தாள் பக்கத்து இண்டம்புதரில் புதிதாகக் கூடு கட்டி முட்டை இட்டாள். பொட்டு இருந்தது தாழம்புதரில். இரண்டுக்கும் நடுவே ஒரு பனைமரம். பையனையும் புதுக் கூட்டுக்கே கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். தூக்கத்தில் அவன் உதைத்த உதையில் ஒரு முட்டை உருண்டு விழுந்து உடைந்தது. அதோடு அந்த யோசனையை விட்டார்கள்.

ஒருநாள் பொழுது சாயப் போகிற நேரத்தில் உடையான் வழக்கம்போலப் புதுக் கூட்டை எட்டிப் பார்த்தான்.

"என்னங்க, இன்னைக்காவது வருவீங்களா?" என்றாள் செவத்தாள்.

"பையன் தூங்கட்டும். வந்திருதேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. பகலும் நானே உட்காருதேன், ராத்திரியும் நானே உட்காருதேன். எந்திரிச்சு இரை தேடப் போனா முட்டை ஆறிப்போவுது. உட்கார்ந்தே இருந்தா நான் போய்ச் சேர்ந்திருவேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட உடையான் தாங்கியிருப்பான். மெதுவாகத்தான் சொன்னாள். எலும்பும் இறகுமாக உட்கார்ந்திருந்தாள். ஓடைக்கரையில் அந்தி நேரத்தில் ஒரு கீரி திரிவது உடையானுக்குத் தெரியும். பையனை அழவிட்டு வந்தால் அந்தச் சத்தமே கீரிக்கு வழிகாட்டிவிடும். பையனோடு இருந்தால் இவளும் முட்டைகளும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் ஒரு தந்திரம் செய்தான். பொட்டு கண்ணை மூடியதும், அவன் கவ்வியிருந்த கழுத்து இறகைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினான். செம்போத்துக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், வலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறகைப் பையன் வாயிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நழுவினான். பனைமரத்தைத் தாண்டக்கூட இல்லை.

"இறகு இருக்கு, அப்பனைக் காணோம்! அப்பனைக் காணோம்!" என்று பொட்டு போட்ட கூச்சலில் ஓடையில் இருந்த தவளை எல்லாம் வாயை மூடிக்கொண்டது.

உடையான் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். அதற்கப்புறம் நிலைமை முன்னைவிட மோசம். பொட்டு ஒரு கண்ணை மூடினால் இன்னொரு கண்ணால் அப்பனைக் காவல் காத்தான். ஓர் இறகுக்குப் பதிலாக ஒரு கொத்தையே கவ்வினான்.

பனைமரத்தில் குடியிருந்த காக்கைக்கு இதையெல்லாம் பார்த்துப் பொறுக்கவில்லை.

"கொழுந்தனாரே, நீரு கெடுத்து வச்சிருக்கீரு. அழுதா அழட்டும். தொண்டை வத்துனா தானா ஓய்ஞ்சிரும். என் பிள்ளைகளை எல்லாம் அப்படித்தான் வளர்த்தேன்" என்றாள்.

"கீரி வந்துட்டா, மதினி?"

"வராது. ஒரே ஒரு சாயங்காலம் மனசைக் கல்லாக்கிக்கிடும்."

உடையானுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் செவத்தாள் அன்றைக்கு எழுந்திருக்கப் பார்த்துக் கால் மடங்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தான். வேறு வழி தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் பொட்டுவைத் தாழம்புதர்க் கூட்டில் விட்டான், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தான்.

பின்னாலேயே அழுகை வந்தது. "அப்பா! யப்பா!" உடையான் முட்டைகளின் மேல் உட்கார்ந்தான். செவத்தாள் பக்கத்துக் கொம்பில் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அழுகை ஏறியது, உடைந்தது, மறுபடியும் ஏறியது. போய்விடலாமா, இருக்கலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று உடையான் தவித்துக்கொண்டிருந்தபோது அழுகை சட்டென்று நின்றது.

"தூங்கிட்டான் போலிருக்கு" என்றாள் செவத்தாள்.

தூங்குகிற பிள்ளை விசும்பி விசும்பித்தான் ஓயும். இது கத்தரித்துவிட்ட மாதிரி நின்றிருந்தது. உடையான் நடக்கக்கூடத் தோன்றாமல், தன் சாதியில் யாரும் பறக்காத வேகத்தில் பறந்தான்.

தாழம்புதரின் அடியில் கீரி நின்றுகொண்டிருந்தது. முன்னங்காலை மடலில் வைத்து மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே பொட்டு முள்ளுக்குள் முதுகை ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல் நடுங்கிக்கொண்டிருந்தான். உடையான் யோசிக்கவில்லை. கீரியின் முகத்துக்கு முன்னால் பொத்தென்று விழுந்தான், இறக்கை ஒடிந்ததுபோல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மணலில் ஓடினான். கீரி அவனைத் துரத்தியது. ஓடைக்கு அந்தப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போய், வாலில் பாதியைக் கீரிக்குக் கொடுத்துவிட்டுத் தப்பி வந்தான்.

பொட்டு அப்பனைப் பார்த்தும் இறக்கைக்குள் வரவில்லை. தள்ளியே நின்றான்.

"கூப்பிட்டேனே. நீ ஏன் பேசல?"

"பக்கத்துலதாம்ப்பா இருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? இருக்கியா செத்துட்டியான்னே தெரியலையே."

உடையானுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் பையனுக்குத் தன் இறக்கைதான் வேண்டும் என்று நினைத்திருந்தான். திருட்டுத்தனமாக நழுவியதும் பேசாமல் போனதும்தான் பிள்ளையை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் பொழுது சாயுமுன்பே பொட்டுவை எதிரில் உட்காரவைத்துச் சொன்னான்.

"ஐயா, இனிமே உனக்குத் தெரியாம போகமாட்டேன். ஆனா போவேன். அம்மா அங்க தனியாக் கஷ்டப்படுதா. நீ எப்பக் கேட்டாலும் 'ஊம்'னு சொல்வேன். சொல்லாம இருக்கவே மாட்டேன்."

"எங்க இருந்து சொல்வ?"

"இன்னைக்கு உன் பக்கத்துல இருந்தேதான்."

அன்று இறக்கையை விரிக்காமல் தோளை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றான். "இருக்கியாப்பா?" "ஊம்." "இருக்கியா?" "ஊம்." அலகு வலிக்கிறவரை இதுவே பாடு. ஆனால் பொட்டு இறகைக் கவ்வாமலே தூங்கிப்போனான்.

அடுத்த சாயங்காலம் அடுத்த கொம்பு. அதற்கப்புறம் அதற்குக் கீழே. ஒருநாள் செவத்தாளின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் ஒரேயடியாகப் பனைமரத்துக்குத் தாவினான். பொட்டு கதறிவிட்டான். உடையான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பழைய கொம்புக்கே வந்து சேர்ந்தான். இடி இடித்து மழை பெய்த ஒரு சாயங்காலம் இறக்கைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டான். "இந்தக் கணக்குல உம்ம பையன் கிழவனானப்புறம்தான் தனியாத் தூங்குவான்" என்று காக்கை எகத்தாளம் செய்தாள். உடையான் நத்தை பொறுக்கப் போய்விடுவான். செவத்தாளுக்கு வாய்க்குள் நத்தை ஊட்டிவிட்டு வருவான். அவள் விழுங்கக்கூடத் தெம்பில்லாமல் அதை வைத்துக்கொண்டிருப்பாள். இவள் தாங்குவாளா, நான் அங்கே போய் உட்காருவதற்குள் முட்டை ஆறிவிடுமா என்று ஒவ்வொரு கொம்பிலும் உட்கார்ந்து உருகினான்.

கடைசியில் பனைமரத்தையும் தாண்டியாயிற்று. ஒரு சாயங்காலம் உடையான் புதுக் கூட்டில் முட்டைகளின் மேல் உட்கார்ந்தான். செவத்தாள் வயிறார இரை தின்றுவிட்டு வந்து பக்கத்தில் சாய்ந்தாள்.

"இருக்கியாப்பா?" தாழம்புதரிலிருந்து மெல்லிசாக வந்தது.

உடையான் வாயைத் திறக்கப் போனான். கீழே சருகு நொறுங்கியது.

கீரி. இண்டம்புதருக்கு நேர் கீழே நின்று காதை விறைத்துக்கொண்டிருந்தது. "ஏதோ பேசிச்சே. இன்னொரு தடவை பேசட்டும்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தது.

செவத்தாள், பேசாதீங்க என்று தலையை மட்டும் ஆட்டினாள். அந்த நாளில் செம்போத்துக்கு மெலிந்த, கூரான குரல். எந்தக் கொம்பிலிருந்து வருகிறது என்று யாரும் கண்டுகொள்ளலாம். பதில் சொன்னால் இவளும் முட்டைகளும் போவார்கள். சொல்லாவிட்டால் பொட்டு பயந்து கத்துவான், கீரி நேரே அங்கே ஓடும். அன்று வாயைத் திறந்து நடுங்கிய அந்த முகம் உடையான் கண்முன் வந்து நின்றது.

"அப்பா?" குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

உடையான் தலையைத் தாழ்த்தினான். அலகை நெஞ்சுக்குள் புதைத்தான். தொண்டை உப்ப, மூச்சை அடிவயிற்றுக்குத் தள்ளி, உயிரையே திரட்டிச் சொன்னான்.

"ஊம். ஊம். ஊம்."

அது அவன் குரலே இல்லை. வெறும் குடத்துக்குள் பேசினதுபோலக் கனமாக, புதர் முழுக்க, மண் முழுக்க அதிர்ந்தது. கீரி இண்டம்புதரை அண்ணாந்து பார்த்தது. பிறகு பனையைப் பார்த்தது. பிறகு ஓடையைப் பார்த்தது.

"எங்கேருந்துடா வருது?" என்று தன்னையே சுற்றிக்கொண்டது. "ஊம், ஊம்" என்று மறுபடியும் வந்தது. எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல இருந்தது. கீரிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி ஓடியது, அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

"இருக்கியா..." என்றான் பொட்டு, பாதித் தூக்கத்தில்.

"ஊம்" என்றான் உடையான். குரலை இறக்கினான், இடைவெளியை நீட்டினான். "ஊம்... ஊம்..." அந்தப் பக்கம் மூச்சு சீராகிறவரை சொல்லிக்கொண்டிருந்தான். செவத்தாள் அழுதபடியே சிரித்தாள்.

முட்டைகள் பொரிந்தன. செவத்தாள் தேறினாள். பொட்டு கேட்பது நாளுக்கு நாள் குறைந்தது. ஒரு சாயங்காலம் அவன் கேட்கவே இல்லை.

உடையான் காத்திருந்தான். இப்போது கேட்பான், இதோ கேட்பான் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். தாழம்புதர் அமைதியாகக் கிடந்தது.

"பையன் தூங்கிட்டான். நீங்களும் கண்ணை மூடுங்க" என்றாள் செவத்தாள்.

"இருக்கானான்னு தெரியலையே."

"இருக்கான். கேட்டு எழுப்பிவிட்டுறாதீங்க."

உடையான் கண்ணை மூடிப் பார்த்தான். முடியவில்லை. மெல்லத் தலையைக் குனிந்து, அலகை நெஞ்சில் புதைத்து, "ஊம்?" என்றான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பனைக்கு அப்பாலிருந்து, தூக்கக் கலக்கத்தில், அப்பனைப் போலவே கனத்த குரலில், "ஊம்" என்று பதில் வந்தது. உடையானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: இருக்கிற இடம் தெரியாமல் புதருக்குள்ளிருந்து ஒரு செம்போத்து "ஊம்?" என்று கேட்பதும், எங்கோ தொலைவிலிருந்து இன்னொன்று "ஊம்" என்று சொல்லும்வரை அது விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பதும்.