ராஜாவுக்காக நின்ற ரயில்

கோட்டைச்சுனை ஜமீனை ஆண்ட மருதவீர ராஜாவுக்கு ஒரு கோடையில் ஐரோப்பா பார்க்கும் ஆசை வந்தது. ராஜாவின் ஆசை தனியாக வருமா? குடும்பத்தையே கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அவருடைய தகப்பனார் பெரிய ராஜா, மகன் இளவரசர், இளவரசரின் சின்ன மகள் நாச்சியார் என்று நாலு தலைமுறையும் கப்பலேறிப் போய், பாரிஸில் வெனிஸுக்கு ரயில் பிடித்தது. கூடவே மைத்துனர் துரைச்சிங்கம். அவர் லண்டனில் தங்கிப் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படித்தவர். பரீட்சைதான் அவரிடம் தேறவில்லை.

சிரிக்க வைக்க ஆள் வேண்டுமே என்று விகடகவி கூத்தபிரானையும் ராஜா அழைத்து வந்திருந்தார்.

கூத்தபிரானுக்கு இந்தக் கூட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெளியே பனிமலை போகும். ராஜா குறட்டை விடுவார். வெளியே ஏரி வரும். இளவரசர் சன்னல் கண்ணாடியில் தம் மீசையைப் பார்த்துக்கொள்வார். துரைச்சிங்கமோ எதைக் கண்டாலும் விளக்கம் சொல்வார். மாதா கோவிலைக் காட்டிக் கோட்டை என்பார். கோட்டையைக் காட்டிச் சாராயக் கிடங்கு என்பார். மறுத்துச் சொல்ல யாருக்கும் எதுவும் தெரியாததால் அவர் சொன்னதே சட்டம்.

சுவிட்சர்லாந்தில் ரயில் மாற இறங்கிய ஒரு ஸ்டேஷனில் வினை வந்தது. பெரிய ராஜா கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்தார். ராஜா வெற்றிலையை மடித்துக்கொண்டே அசைந்து வந்தார். ஊரில் அவர் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை ஸ்டேஷன் மாஸ்டர் கொடி அசைக்கமாட்டார். இங்கே யார் அவரைக் கண்டார்கள்? விசில் ஊதியது. ரயில் போயே போய்விட்டது.

ராஜாவின் முகம் கறுத்தது. "எல்லாம் உங்களால்தான் அப்பா!" என்று கிழவர்மேல் பாய்ந்தார். பெரிய ராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

துரைச்சிங்கத்துக்கு இதுதான் சமயம். "அத்தான், கூத்தபிரான் பெரிய மூளைக்காரன் என்பீர்களே! தின்றுவிட்டுச் சும்மாதானே வருகிறான்? உங்களுக்காக ஒரு ரயிலை நிறுத்தச் சொல்லுங்களேன்."

ராஜா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கேட்டாயா கூத்தபிரான்? வெனிஸ் போய்ச் சேர்வதற்குள் ஒரு தடவையாவது எனக்காக ரயில் நிற்க வேண்டும். ஸ்டேஷனில் நிற்பது சேர்த்தி இல்லை. நிற்காவிட்டால் உன்னை வெனிஸிலேயே விட்டுவிடுவேன். உன் பாட்டில் ஊர் வந்து சேர்!"

பாஷை தெரியாத சீமையில் அநாதையாக நிற்பதா? ஆனாலும், "உத்தரவு, மகாராஜா" என்று கூத்தபிரான் கும்பிட்டான்.

அடுத்த ரயிலில் ஏறியதும் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போனார்கள். குழந்தைக்குக் காவல் கூத்தபிரான். நாச்சியார் ஆசனத்தில் ஏறி, கதவுக்கு மேலிருந்த சிவப்புக் கைப்பிடியை எட்டினாள். அவ்வளவுதான், அந்த வழியாக வந்த கார்டு பாய்ந்து அவளைக் கீழே இறக்கினார். கூத்தபிரானைப் பார்த்து, கைப்பிடியை இழுப்பதுபோல் பாவனை செய்தார். "கிரீச்ச்ச்" என்று பல்லைக் கடித்தார். இரண்டு கையையும் விரித்து நின்றுகாட்டினார். பிறகு, கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

கூத்தபிரானுக்கு விளங்கிவிட்டது. நம் ஊரில் சங்கிலி, இங்கே கைப்பிடி! ஆனால் தான் இழுத்தால் போலீஸ் பிடிக்கும். ராஜாவும், 'உனக்காகத்தானே நின்றது' என்பார். யோசித்தான். யோசிக்க யோசிக்க, துரைச்சிங்கத்தின் முகம் மிக அழகாகத் தெரிந்தது.

எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"துரை, அந்தக் கைப்பிடிக்குக் கீழே ஏதோ எழுதியிருக்கிறதே. எனக்குத்தான் எழுத்து தெரியாது. தாங்கள் படித்துச் சொல்லக்கூடாதா?"

எழுதியிருந்தது ஜெர்மன். துரைச்சிங்கத்துக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அதனால் என்ன? கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதுகூடவா தெரியாது? பணியாளை அழைக்கும் கைப்பிடி. இழுத்தால் ஓடிவருவான்."

"சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள், துரை."

"எனக்கே பாடமா?"

ராஜா கண்ணைத் திறந்தார். "அப்படியா மாப்பிள்ளை? எனக்கு ஒரு காப்பி கொண்டுவரச் சொல்."

"எதற்கும் இன்னொரு தடவை படித்துவிட்டு..." என்று கூத்தபிரான் எழுந்தான்.

"நீ உட்கார்! உன் கை பட்டால் உருப்படாது" என்று அவனைத் தள்ளிவிட்டு, துரைச்சிங்கம் கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுத்தார்.

கிரீச்ச்ச்! பெட்டி குலுங்கியது. கூடையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் நாலு பக்கமும் உருண்டன. இளவரசர் தகப்பனார் மடியில் விழுந்தார். துரைச்சிங்கம் ஆசனத்துக்கு அடியில் போனார். மலைநடுவே ரயில் அசையாமல் நின்றது.

கார்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. "யார் இழுத்தது?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். எல்லோருடைய விரலும் ஆசனத்துக்கு அடியில் கிடந்த துரைச்சிங்கத்தையே காட்டியது. அபராதத்தை அவர் தலையில் போட்டுவிட்டுத்தான் கார்டு ஓய்ந்தார்.

ராஜாவின் மீசை துடித்தது. கூத்தபிரான் கைகட்டி முன்னால் வந்தான்.

"மகாராஜா, ரயில் நின்றுவிட்டது. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நின்றிருக்கிறது. தங்களுக்குக் காப்பி வேண்டும் என்பதற்காகவே நின்றிருக்கிறது."

முதலில் சிரித்தவர் பெரிய ராஜா. சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "மருதவீரா, அந்த அருவியைப் பார். இந்தச் சீமையில் ஓடாமல் நிற்கிற மலையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!"

ராஜாவுக்கும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விரலிலிருந்த பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். மைத்துனரின் சன்னலோர ஆசனத்தையும் அவனுக்கே கொடுத்தார்.

துரைச்சிங்கம் தூசியைத் தட்டிக்கொண்டு சீறினார். "அடே! அது என்ன கைப்பிடி என்று உனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை?"

கூத்தபிரான் சன்னலோரம் வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

"ஐரோப்பாவையே கரைத்துக் குடித்தவர் தாங்கள். தங்களுக்கு நான் என்ன சொல்வது துரை? மகாராஜாதான் பாவம், ஒரு வாய் காப்பிகூட இன்னும் குடிக்கவில்லை!"