பொய்ப்பூச்சிக்குச் சேவல் இறகு வந்த கதை

அந்தக் காலத்தில் சேவல்கள் கூவுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, கருத்தும் சொல்லின. மீன்கள் கேலி பேசின. மனிதர்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டு, முடிந்தபோது இரண்டையும் தின்றார்கள்.

மலைமேல் வெள்ளோடை என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி ஓடிய ஓடைக்கும் அதே பெயர். கண்ணாடித் தண்ணீர். அதில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த டிரவுட் மீன்கள் இருந்தன. அவை கப்பலில் வந்தவை என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் கதைக்கு அது தெரியாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மறுவீட்டுக்கு வரும் புது மாப்பிள்ளை பெண்வீட்டு ஓடையில் தன் கையால் ஒரு மீன் பிடித்துவர வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் மீன் வந்தால் மீன்குழம்பு. வராவிட்டால் வீட்டுச் சேவலை அடித்துக் குழம்பு வைப்பார்கள். விருந்து எப்படியும் நடந்துவிடும். மாப்பிள்ளைக்குத்தான் ஆயுள் முழுக்கக் 'கோழி மாப்பிள்ளை' என்ற பெயர் நிற்கும். சேவலுக்கு ஆயுளே நிற்காது.

சிலம்பாயி வீட்டுச் சேவலுக்கு மணியக்காரர் என்று பெயர். எல்லார் வீட்டு வாசலையும் எட்டிப் பார்த்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, குறை ஒன்று கண்டுபிடித்த பிறகுதான் நகர்வார். பெயருக்கேற்ற மரியாதையோடு ஊரே 'அவர்' என்றுதான் சொல்லும். கழுத்தில் சாம்பல் இறகுகள். ஒவ்வொன்றிலும் மெழுகு சொட்டிக் காய்ந்ததுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள். தண்ணீர் குடிக்கப் போனால் குடிக்க மறந்து கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மகள் நாச்சியின் மறுவீட்டன்று காலையில் சிலம்பாயி அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். மணியக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் மீனென்றால் புளி, கோழிக்குத்தான் மிளகு.

"ஆத்தா, மீனுக்கு எதுக்கு மிளகு?"

"மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்தேன். அதான் மிளகு."

மணியக்காரர் வாழ்நாளில் முதல் தடவையாக, யார் வாசலையும் எட்டிப் பார்க்காமல் ஓடைக்கு ஓடினார்.

மாப்பிள்ளை சடையப்பன் கருங்கயத்துக்காரன். அந்த ஊர் ஆறு கலங்கலாக வேகமாக ஓடும். தூண்டில் முள்ளில் கறுப்பு ஆட்டு மயிரைச் சுற்றிப் பூச்சிபோல் செய்து வீசினால் மீன் வந்து கவ்வும். இங்கேயும் அதையே வீசினான். பொய்ப்பூச்சி நேராக அடியில் போய் உட்கார்ந்தது. பாறை நிழலிலிருந்து ஒரு கிழட்டு மீன் வெளியே வந்தது.

"யாருப்பா, நாச்சி புருஷனா?"

"ஆமா."

"உங்க சாமான் ஏதோ கீழ விழுந்துருச்சு. எடுத்துக்கங்க. ஓடை குப்பையாகுது."

பாறைக்குப் பின்னால் இன்னும் நாலு மீன்கள் குமிழி விட்டுச் சிரித்தன.

மணியக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மாப்பிள்ளே, அதக் காட்டுங்க. இது என்ன?"

"பூச்சி."

"முட்டைய விட்டு வந்த நாள்லேருந்து பூச்சி தின்னுறேன். இது பூச்சி இல்ல. ஆட்டு மசுரு."

"எங்க ஊரு மீன் இதத்தான் தின்னும்."

"உங்க ஊருத் தண்ணியில மீனுக்குக் கண்ணு தெரியாது. வந்தத வாயில போட்டுக்கும். இங்க பாத்துத்தான் தின்னும்."

பூச்சி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. வெள்ளோடைப் பூச்சி தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும். சிறகு காயும்வரை கால் நுனி மட்டும் தண்ணீரில் பட நிற்கும். சாம்பல் நிறம், வெளிர்ப் புள்ளி. "தின்னா மொதல்ல கசக்கும்" என்றார். "பின்னாலதான் இனிக்கும்."

"ருசி எதுக்கு? அது எப்படி நிக்குதுன்னு சொல்லுங்க."

முதலில் இலவம்பஞ்சைச் சுற்றிப் பார்த்தார்கள். மிதந்தது. "தலகாணி எங்ககிட்ட இருக்குப்பா" என்றது மீன். பிறகு மணியக்காரர் பெரிய மனது பண்ணி ஒரு வால் இறகு கொடுத்தார். அது ஓடையில் தேர் போல அசைந்து போயிற்று. மீன்கள் வரிசையாக ஒதுங்கி வழிவிட்டன.

வெயில் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. சடையப்பன் கரையில் உட்கார்ந்துவிட்டான். "விடுங்க, கோழி மாப்பிள்ளைன்னே இருந்துட்டுப் போறேன்."

"உங்களுக்குப் பேரு போகும். எனக்கு?"

அப்போது மேட்டிலிருந்து சிலம்பாயியின் குரல் கேட்டது. "ஏ நாச்சி, அருவாமணையக் கழுவி வையி!"

மணியக்காரர் தண்ணீரில் தெரிந்த தன் கழுத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். கண்ணை மூடினார். கழுத்தை வளைத்து, ஓர் இறகைப் பிடித்துப் பிடுங்கினார். கத்தவில்லை, கண்ணில் நீர் மட்டும் வந்தது.

"சுத்துங்க. நெருக்கமா. மயிரெல்லாம் காலு மாதிரி வெளிய நிக்கணும்."

சடையப்பன் சுற்றி வீசினான். பூச்சி வந்து இறங்கிய இடத்தில் தண்ணீர் கலையவில்லை. நுனிக்காலில் நின்றது. கிழட்டு மீன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தது. சுற்றிவந்து இன்னொரு தடவை பார்த்தது.

"யாரு வீட்டுப் பிள்ளை நீ?"

பூச்சி பதில் சொல்லவில்லை. அடக்கமான பிள்ளை என்று மீனுக்குப் பிடித்துப்போயிற்று. வாயைத் திறந்தது.

அரைத்த மிளகை வீணாக்க மனமில்லாமல் சிலம்பாயி அதை மீனிலேயே போட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

மணியக்காரரை அதற்குப் பிறகு யாரும் குழம்புக் கண்ணோடு பார்க்கவில்லை. கழுத்தைத்தான் பார்த்தார்கள். "மணியக்காரரே, ஒண்ணே ஒண்ணு" என்று விடிந்ததும் ஒருவன் வந்தான். அவன் போனதும் அவன் மச்சான் வந்தான். பக்கத்து மலைக்காரர்களும் சாம்பல் பூச்சியை வாங்கிப்போய்த் தங்கள் ஓடைகளில் வீசினார்கள். அங்கே மீன் திரும்பிப் பார்க்கவில்லை. செம்பாறை ஊர் ஓடையில் பூச்சி செந்நிறம்; தேனோடையில் தேன் நிறம். உடனே அவரவர் ஊர்ச் சேவலின் கழுத்தை அவரவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

பத்தே நாளில் மணியக்காரரின் கழுத்து கட்டைவிரல் போல ஆயிற்று. தண்ணீர் குடிக்கப் போனால் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஒரு மத்தியானம் சுற்று மலைகளிலுள்ள சேவல்களையெல்லாம் கரட்டின்மேல் கூட்டினார்.

"காட்டுக்குப் போயிருவோம்" என்றார். "குழம்புன்னா ஒரு நாள் வலி. இது தினமும்."

"இங்க கூரை இருக்கு, தின்னக் கம்பு போடுறாங்க" என்றது செம்பாறைச் சேவல். "காட்டுல நரி இருக்கு."

"நரி கழுத்தக் கடிக்கும். அழகா இருக்குன்னு ஒவ்வொண்ணாப் பிடுங்காது."

பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். பாதிப் பேர் கம்பு போடும் நேரமாயிற்று என்று ஊருக்குத் திரும்பினார்கள்.

அன்று முதல்தான் ஓடைக்கு ஒரு பொய்ப்பூச்சியும் அதற்கென்று ஒரு சேவல் இறகும் என்று ஆயிற்று. கழுத்து பெரிதென்று காட்டுக்குப் போன சேவல்கள், இறகு கேட்டு யாரும் வந்துவிடாமல், புதருக்குள்ளிருந்து கூவிவிட்டு உடனே இடம் மாறிக்கொள்ள, கூரை பெரிதென்று தங்கியவை மிளகோடு வேகின்றன.