அடுத்த பேட்ச்

மடத்துக்கு வந்தால் மருதாசலம் செருப்பைக் கழற்றுவார், தோளில் தொங்கும் லேப்டாப் பையை மட்டும் கழற்றமாட்டார். சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் எட்டுப் பேருக்குத் தலைவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ஆறு வருடமாகச் சீடர்.

அன்று வணங்கக்கூட மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"திங்கட்கிழமை என் ஆளுங்க எட்டுப் பேருக்கும் வேலை போயிருச்சுன்னு நான்தான் சொல்லணும் சாமி. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்க."

"ஏன் போகுது?"

"கம்பெனி புது முறைக்கு மாறிடுச்சுங்க. என்ன வேணும்னு நாம சொன்னாப் போதும், கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதிரும். அவங்களுக்கு அது தெரியாது."

"உங்களுக்கு?"

"தெரியுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பயிற்சிக்குப் போனேன்."

"அவங்க போகலையா?"

"ஆள் அனுப்பச் சொல்லி மூணு தடவை மெயில் வந்துச்சு. கையில வேலை குவிஞ்சு கிடந்துச்சுங்க. அடுத்த பேட்ச்ல அனுப்பறேன்னு எழுதிட்டேன்."

மூன்று தடவையும் அதே வரியைத்தான் எழுதினார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. உடனே ஒரு சமாதானமும் தேடிக்கொண்டார்.

"அனுப்பியிருந்தாலும் கஷ்டம்தான் சாமி. பதினஞ்சு வருஷம் ஒரே வேலை பார்த்தவங்க. இனி எங்க மண்டையில ஏறும்?"

குரு அந்தப் பையைக் காட்டினார்.

"எனக்குச் சொல்லிக்குடுங்க."

"சாமிக்கா?"

குரு அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. மருதாசலம் தயங்கித் தயங்கித்தான் திறந்தார். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் ஆளே மாறிப்போனார். மடத்தில் யார் எந்த நாள் பந்தி பரிமாறுவது என்று பட்டியல் போட ஒரு புரோகிராம் கேட்கச் சொன்னார். குரு ஒற்றை விரலால் தட்டினார். தப்பாகத் தட்டியபோதெல்லாம் மருதாசலம் பொறுமையாகத் திருத்தினார். அரை மணி நேரத்தில் பட்டியல் வந்தது.

குரு திரையை உற்றுப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ரெண்டு பந்திக்கும் காமாட்சியையே போட்டிருக்கே. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு பந்திதானே, தப்பாச்சே."

மருதாசலம் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அதேதாங்க சாமி! எழுதறது அது, தப்பைப் பிடிக்கறது நாம. இதுல வேலையே அவ்வளவுதான். அந்த எட்டுப் பேர்ல பூங்கொடிக்குப் பதினஞ்சு வருஷமா வேலையே தப்புப் பிடிக்கறதுதானே..."

பாதியில் நின்றுவிட்டார்.

"பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி அந்தம்மா உங்ககிட்டக் கேட்கலையா?"

"கேட்டாங்க சாமி. ரெண்டு தடவை கேட்டாங்க."

குரு லேப்டாப்பை மூடி அவர் மடியில் வைத்தார்.

"நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறீங்க," என்றார்.