கழுதையின் கால் விரல்கள்

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம்! இதில் அரைச் சொல் பொய்யாக இருந்தாலும் நாக்கு அழுகித் தரையில் விழட்டும். விழுந்தாலும் பாதகமில்லை, அந்த நாக்கே மீதிக் கதையைச் சொல்லி முடித்துவிடும். அத்தனை உண்மை.

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் நம்மைப் போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கழுதைக்குக் காலுக்கு ஐந்து விரல் இருந்தது. மணலில் வைத்தால் ஐந்தும் அகலும். பாறையில் ஏறினால் ஐந்தும் கவ்வும். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று யாராவது கேட்டால், கழுதை ஒரு காலை ஊன்றிப் பார்த்துச் சொல்லிவிடும்.

காட்டாற்றங்கரையில் மாடத்தி என்றொரு கழுதை இருந்தாள். அவளுடைய தலைச்சன் குட்டி நடக்கத் தொடங்கிய மாதமே கருவேல முள் ஏறி, கால் வீங்கிச் செத்துப்போனது. செத்த பிள்ளையின் காலை விட்டு மூன்று நாள் அவள் வாயை எடுக்கவில்லை. அடுத்து ஒரு பெண்குட்டி பிறந்தது. காலன் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று குப்பாயி என்று பெயர் வைத்தாள். பெயர் மட்டும் போதுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்தப் பிள்ளையின் கால் மண்ணிலேயே படக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

பக்கத்துக் குகையில் பேராச்சி என்ற கரடி குடியிருந்தாள். அவள் பிள்ளை கல்லென்றும் சேறென்றும் பாராமல் ஓடித் திரியும்.

"முள்ளு குத்துனா பிடுங்கிப் போட்டுருவோம் மதினி," என்றாள் பேராச்சி. "பிள்ளையத் தரையில விடு. மேடு பள்ளத்துல மிதிச்சாத்தான் காலு காலாகும்."

"ஒம் பிள்ளை உசுரோட இருக்கு. நீ பேசுவ," என்றாள் மாடத்தி.



மாடத்தி நேரே கொண்டையனிடம் போனாள். கொண்டையன் மரங்கொத்தி, காட்டில் மரவேலை எதுவென்றாலும் அவன்தான்.

"நாலு தேங்காய்ச் சிரட்டையைக் கொடைஞ்சு குடுங்க அண்ணாச்சி. பிள்ளை காலுக்கு மாட்டணும்."

"கொஞ்சம் பெருசா எடுக்கட்டுமா? வளர்ற பிள்ளை."

"லொடலொடன்னு கிடந்தா இடுக்குல முள்ளு நுழையும். அச்சாப் பொருந்தணும்."

"கழத்தி மாட்ட வேண்டாமா?"

"கழத்துன நேரம் பாத்துத்தான் குத்தும். ஓரத்துல அரக்கை ஊத்தி மூடிருங்க."

கொண்டையன் தலையைச் சொறிந்தான். கொண்டை சிவப்பானதே அன்றைக்குச் சொறிந்து சொறிந்துதான் என்பார்கள், அது வேறு கதை. மாடத்தியின் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்துவிட்டு அரக்கைக் காய்ச்சினான்.

குப்பாயி மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் அழுகை நின்றது. அழுகை நின்றதும் வலியும் நின்றதென்று மாடத்தி நினைத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த பிழை. பிள்ளையின் எலும்பு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி. எந்தப் பக்கம் நெருக்கினாலும் அந்தப் பக்கம் வளைந்து கொடுக்கும், சத்தம் போடாது. ஐந்து விரலும் சிரட்டைக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டன. கொஞ்ச நாளில் வலிப்பதற்கே அந்தக் காலில் ஒன்றும் மிச்சமில்லை.

வெளியே பார்த்தால் அத்தனை அழகு. டக், டக், டக். பாறை வழியே குப்பாயி நடந்தால் காடே திரும்பிப் பார்க்கும். மற்றத் தாய்க் கழுதைகளுக்கு வயிறு எரிந்தது. கொண்டையன் வீட்டு வாசலில் வரிசை நின்றது. அந்தக் கோடையில் பிறந்த குட்டி ஒன்றுகூட வெறுங்காலோடு நிற்கவில்லை.

ஐப்பசியில் முதல் மழை விழுந்தது. கரடிக்குட்டியும் மான்குட்டியும் ஆற்றோரச் சேற்றில் மிதித்து மிதித்துச் சிரித்தன. குப்பாயியும் போய் நடுச்சேற்றில் நின்றாள். நின்றபடியே திரும்பிக் கேட்டாள்.

"எல்லாரும் எதுக்கும்மா சிரிக்கிறாங்க?"

"மண்ணு ஈரமா இருக்குல்ல தாயி, அதான்."

"ஈரம்னா?"

மாடத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு கொண்டையனிடம் ஓடினாள். "ஒடைச்சிருங்க அண்ணாச்சி. இப்பவே."

கொண்டையன் ஒரு கொத்து கொத்தினான். சிரட்டைச் சத்தம் கேட்டது. இன்னொரு கொத்து. அதே சத்தம். மூன்றாவது கொத்தில் ரத்தம் வந்தது. அவன் பின்வாங்கினான்.

"சிரட்டை எங்க முடியுது, காலு எங்க தொடங்குதுன்னு எனக்கே தெரியல மாடத்தி. ரெண்டும் ஒண்ணாப் போச்சு."

குப்பாயி குனிந்து தரையைப் பார்த்தாள். "யாருக்கும்மா ரத்தம் வருது?" என்று கேட்டாள்.

மாடத்தி மற்றத் தாய்களிடம் ஓடினாள். கழற்றுங்கள், இன்றைக்கே கழற்றுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினாள். 

"ஒம் பிள்ளை மட்டும் டக்கு டக்குன்னு நடக்கணும், எங்க பிள்ளைக நடந்தா ஒனக்குப் பொறுக்கலையாக்கும்," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் குட்டிகளின் அழுகையும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

திரும்பி வந்தபோது குப்பாயி மறுபடியும் போய்ச் சேற்றில்தான் நின்றுகொண்டிருந்தாள். மாடத்தி பக்கத்தில் போய் நின்று, தன் விரல்கள் பிள்ளையின் கண்ணில் படாதபடி சேற்றுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"ஈரம்னா என்னன்னு சொல்லும்மா."

"குளுகுளுன்னு இருக்கும்."

"குளுகுளுன்னா?"

மாடத்தி, பெற்றவளுக்குத் தெரிந்த ஒரே வழியில், பிள்ளையின் முதுகை நாக்கால் ஒருமுறை நக்கினாள். குப்பாயி சிலிர்த்துப்போனாள்.  பிறகு பொத்தென்று மல்லாந்து விழுந்து, நாலு சிரட்டையும் வானத்தைப் பார்க்க, முதுகைச் சேற்றில் போட்டுத் தேய்த்தாள்.

"இங்க தெரியுதும்மா," என்றாள். "கொஞ்சமாத் தெரியுது."

மாடத்தி அழ வாயைத் திறந்தாள். வந்தது அழுகையாகவும் இல்லை, பேச்சாகவும் இல்லை. கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் கழுதைக்கு விரல் இல்லை, குளம்பு மட்டும். அன்று முதல்தான் புழுதியைக் கண்ட இடத்திலெல்லாம் அது படுத்துப் புரள்கிறது. நாம் அதற்கு முதுகு அரிக்கிறது என்கிறோம்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பிள்ளைக்குக் கச்சிதமான பூட்ஸ் வாங்கி மாட்டிவிட்டு, அழுகை நின்ற நிம்மதியில் இருக்கிற வீடுகள் ஊரில் நிறைய. அங்கெல்லாம் போய்ச் சோறு கேட்க வேண்டியிருக்கிறது.