கை வெக்காத டிரம்

"ஆமாண்ணே. நேத்து இல்ல. இன்னிக்கு இருக்கு," அப்படின்னாரு மாஸ்டர்.

இருதயராஜ் குனிஞ்சு மறுபடியும் பார்த்தாரு.

முத்து மாதிரி மின்னற வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் ஒட்டின பெரிய பேஸ் டிரம். அறுபது வருஷத்துச் சரக்கு. பக்கவாட்டுல, சுண்டுவிரல் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை.

"இல்லாத ஓட்டை எப்படி மாஸ்டர் வரும்?"

"இல்லாததுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். தோல் மாத்தச் சொல்லி உங்க கையில குடுத்தது நான். குடுக்கும்போது முழுசா இருந்துச்சு."

"பார்க்க முழுசா இருந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

மாஸ்டர் மின்விசிறியக் கொஞ்சம் கூட்டி வெச்சாரு.

மாஸ்டர் பேரு குணாளன். வயசு நாப்பது. பெரம்பூர்ல ஒரு டயர் கடைக்கு மேல அவருக்கு ஒரே ரூம். டிரம் ரிப்பேர் பண்ணுவாரு, சாயங்காலம் வாசிக்கச் சொல்லிக் குடுப்பாரு.

இருதயராஜ் அறுபதைத் தாண்டினவரு. ஆனா அவருதான் சிஷ்யன். ரயில் பெட்டி செய்யற இடத்துல மர வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. வாசிக்கக் கத்துக்க வரல. பழைய டிரம்மைப் பார்த்து விலை மதிக்கக் கத்துக்க வந்தாரு.

வந்த அன்னிக்கு மாஸ்டர் சொன்னது ஒரே வார்த்தை.

"சந்தேகப்படுங்க."

"எதை மாஸ்டர்?"

"பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க. புதுசா ஷீட் ஒட்டியிருப்பான்."

"அழுக்கா இருந்தா?"

"அதிகமா சந்தேகப்படுங்க. டீத்தண்ணி ஊத்தி அழுக்காக்கறவன் இருக்கான்."

"ரெண்டும் இல்லாம இருந்தா?"

"அதை யாரு வெச்சிருக்கான்னு பாருங்க."

அப்புறம் விலை சமாச்சாரம். தோல் மாத்தினா விலை இறங்காது. தோல் செருப்பு மாதிரி, தேயத்தான் செய்யும். மர உடம்புல கை வெச்சா இறங்கும். பெயின்ட் அடிச்சா இறங்கும். அறுத்துச் சின்னதாக்கினா தரையிலதான் போய் நிக்கும். ஓட்டை போட்டா பாதிக்குப் பாதி போச்சு.

இருதயராஜ் நல்ல சிஷ்யன். ஒரு டார்ச் வாங்கினாரு. பூதக் கண்ணாடி வாங்கினாரு. ரிட்டயர் ஆன பணத்துல டிரம்மா வாங்கி மொட்டை மாடியில அடுக்கினாரு. வீட்டுக்காரம்மா பிலோமினா துணி காயப் போட இடம் தேடி அலைஞ்சாங்க.

கடைசியில பிலோமினாம்மா கண்டிஷனாச் சொல்லிட்டாங்க. இந்த வெள்ளை டிரம் நல்ல விலைக்குப் போகணும். போகலைன்னா மாடியில இருக்கறது அத்தனையும் காயலான் கடைக்குப் போகும். "ஆளையும் சேர்த்து எடுத்துக்குவானான்னு கேக்கறேன்"னு வேற சொன்னாங்க.

வாங்க வர்றவரு பெங்களூர்க்காரரு. வீடு முழுக்கப் பழைய டிரம் வெச்சிருக்கறவரு. ஒண்ணையும் வாசிக்க மாட்டாரு. யாரும் கை வெக்காத டிரம்மா இருந்தா கேட்ட விலை குடுப்பேன்னு சொல்லியிருந்தாரு.

இன்னிக்கு மத்தியானம் வர்றாரு. இப்ப மணி பன்னெண்டைத் தாண்டியாச்சு.

"மாஸ்டர், ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

"பெங்களூர்க்காரரு உங்ககிட்டப் பேசினாரா?"

"பேசினாரு. நேத்து ராத்திரி போன் பண்ணாரு."

இருதயராஜ் நாற்காலியில இருந்து பாதி எழுந்தாரு.

"உங்க நம்பர் அவருக்கு எப்படித் தெரியும்?"

"நெட்டுல இருக்கு, வெளிய போர்டுலயும் எழுதியிருக்கு. டயர் வாங்க வர்றவனுக்கே தெரியும்."

"என்ன பேசினாரு?"

"டிரம்முல யாராவது கை வெச்சிருக்காங்களான்னு கேட்டாரு. நீங்க சொன்னா நம்பறேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பார்த்துட்டுச் சொல்றேன்னேன்."

"ஓஹோ."



இருதயராஜ் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாரு. "அவரு போன் பண்றாரு. ராத்திரி டிரம் உங்ககிட்ட இருக்கு. ட்ரில்லிங் மெஷினும் உங்ககிட்ட இருக்கு. விடிஞ்சா ஓட்டை இருக்கு. ஓட்டை இருந்தா பாதி விலை. பாதி விலைக்கு அவரு வாங்கிட்டுப் போவாரு."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

மாஸ்டர் யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. எனக்குத் தோணாமப் போச்சு."

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"இல்ல. கத்துக் குடுத்தது வீண் போகலன்னு சொல்றேன்."

மேசை டிராயரைத் திறந்து எதையோ எடுத்து டிரம் மேல வெச்சாரு மாஸ்டர். வட்டமான மரத் துண்டு. ஒரு பக்கம் வெள்ளை முத்து ஷீட் ஒட்டியிருந்துச்சு. ஓட்டையும் அதுவும் ஒரே அளவு.

"ஓட்டையை நான் போடல. அடைச்சிருந்ததை எடுத்தேன். அவ்வளவுதான்."

இருதயராஜ் துண்டை எடுத்தாரு. பூதக் கண்ணாடியும் வெளிய வந்துச்சு. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"உள்பக்கம் வார்னிஷ் பூசியிருக்கு."

"உள்ள எட்டிப் பார்த்தாலும் தெரியக் கூடாதுன்னு பூசினது. நல்ல வேலைக்காரன்."

"அப்புறம் நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சுத்தி வரத் தட்டினேன். ஒரு இடத்துல மட்டும் பேச்சு வரல. அமுக்கினேன். வந்துடுச்சு."

"தோலைக் கழட்டின பிறகா?"

"ஆமா. நீங்க கழட்டிப் பார்க்கலையா?"

"கை வெக்காத டிரம்மாச்சே. நான் எதுக்குக் கை வெக்கணும்னு விட்டுட்டேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினாரு. சிரிக்கல. சிரிக்காம இருக்க அவருக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.

இருதயராஜ் துண்டைக் கீழ வெச்சாரு. வெச்சவரு, திரும்ப எடுத்தாரு.

"இதை நீங்களே செஞ்சிருக்கலாமே? ராத்திரியே ஓட்டை போட்டு, ராத்திரியே ஒரு துண்டு செதுக்கி?"

"செஞ்சிருக்கலாம்."

"செய்யலன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க."

"நம்பாம எப்படி மாஸ்டர்?"

"மோந்து பாருங்க."

"என்னது?"

"ஓட்டையில மூக்கை வெச்சு மோந்து பாருங்க."

இருதயராஜ் சுத்திமுத்தும் பார்த்தாரு. யாருமில்ல. மெதுவா முட்டி போட்டாரு. பெரிய மனுஷன் ஒருத்தரு டிரம் முன்னாடி முட்டி போட்டு மூக்கை வெக்கறதைப் பார்த்தா, கும்பிடறாரான்னுதான் தோணும்.

முகம் சுளிச்சுது.

இன்னொரு தடவை மோந்தாரு.

"வஜ்ஜிரம்," அப்படின்னாரு.

வஜ்ஜிரம்னா மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கற பசை. அந்தக் காலத்து மர வேலைக்கெல்லாம் அதுதான். அடுப்புல சட்டி வெச்சுக் காய்ச்சணும், ஊரே நாறும். இருதயராஜ் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரெண்டு வருஷம் அந்தச் சட்டியைக் கிண்டினவரு. அந்த நாத்தத்தை அவரால மறக்கவும் முடியாது, இன்னொண்ணுன்னு நினைக்கவும் முடியாது.

"இப்ப யாரு இதைக் காய்ச்சறா?" அப்படின்னு அவரே கேட்டாரு.

மாஸ்டர் மின்விசிறியக் கொஞ்சம் குறைச்சாரு.

"இது முப்பது, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி அடைச்சது மாஸ்டர்."

"அப்படியா?"

"ட்ரில் போட்டதுன்னா மர வாசனை வரும். இது உள்ள வரைக்கும் வஜ்ஜிரம் ஊறியிருக்கு."

"நீங்க சொன்னா சரி."

இருதயராஜ் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டாரு. நாற்காலியில உக்கார்ந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு மூஞ்சி மாறிச்சு. கோவம் வேற பக்கம் திரும்பிடுச்சுன்னு தெரிஞ்சுது.

"அப்ப அந்தம்மாதான் என்னை ஏமாத்தியிருக்கு."

"எந்தம்மா?"

"டோரீன்னு ஒரு சட்டைக்காரம்மா, ஆங்கிலோ இந்தியன். வீட்டுக்காரரு ரயில்வே க்ளப்புல டான்ஸுக்கு வாசிச்சவராம். தவறிட்டாரு. அம்மா பையன்கூட இருக்கப் போறேன்னு வீட்டைக் காலி பண்ணிட்டு வெளிநாடு போயிட்டாங்க. போற நேரத்துல என் தலையில கட்டிட்டாங்க."

"கை வெக்காத டிரம்னு சொல்லிக் குடுத்தாங்களா?"



"அப்படிச் சொல்லல."

"பின்ன என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் பேசினேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாங்கற இடத்துல என்ன சொல்வோமோ அதைத்தான் சொன்னேன்."

"அதுதான் என்ன?"

இருதயராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தாரு. கீழ யாரோ டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டிருந்தாங்க.

"டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியல. அப்படியே சொன்னா விலை ஏத்திடுவாங்களேன்னு... 'மேடம், இதுல யாரோ கை வெச்சிருக்காங்க. ஓட்டை போட்டு அடைச்ச டிரம். இதுக்குப் பெரிய விலை வராது'ன்னு சொன்னேன்."

"ஓட்டை போட்டு அடைச்ச டிரம்னு."

"வாயில வந்துச்சு. சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம், 'இதுவரைக்கும் வந்து பார்த்தவங்க யாருமே இதைச் சொல்லல. நீங்கதான் உள்ளதை உள்ளபடி சொன்னீங்க'ன்னாங்க. நான் கேட்ட விலைக்கே குடுத்துட்டாங்க. அவரு வாசிச்ச குச்சியையும் சும்மாவே குடுத்தாங்க. காபி வேற போட்டுக் குடுத்தாங்க."

"நீங்க என்ன நினைச்சீங்க?"

"இவ்வளவு ஏமாளியா ஒரு அம்மாவான்னு நினைச்சேன். பஸ்ஸுல வரும்போது சிரிச்சுக்கிட்டே வந்தேன்."

சொல்லி முடிச்சதும் அவருக்கே கேட்டுது போல. நாற்காலியில இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி உக்கார்ந்தாரு.

மாஸ்டர் டிரம்மைத் திருப்பி, தோலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாரு. ஸ்க்ரூவை லேசா முறுக்கினாரு. மறுபடியும் தட்டினாரு. கல்யாண வீட்டுல பந்தி நடக்கும்போது நமக்கென்னன்னு தாம்பூலம் மடிக்கற ஆளு மாதிரி இருந்தாரு.

"மாஸ்டர்."

"ம்."

"அவங்களுக்கு ஓட்டை இருக்கறது தெரிஞ்சிருக்கு."

மாஸ்டர் இன்னொரு ஸ்க்ரூவை முறுக்கினாரு.

"வந்து பார்த்தவன் அத்தனை பேரையும் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்காங்க. எவன் சொல்வான்னு."



மேசை மேல ஒரு கோந்து பாட்டில் இருந்துச்சு. மாஸ்டர் அதை எடுத்து மரத் துண்டுப் பக்கத்துல வெச்சாரு.

"இது எதுக்கு?"

"துண்டு சரியாப் பொருந்தும். ஒட்டினா அரை மணியில காஞ்சுடும். தட்டிப் பார்க்காம யாருக்கும் தெரியாது. அவரு தட்டிப் பார்க்கற ஆளு இல்ல."

"ஒட்டினா நீங்க அவருகிட்ட என்ன சொல்வீங்க?"

"நான் சாப்பிடப் போறேன் அண்ணே. என் போன் சைலன்ட்ல இருக்கும்."

"நீங்க பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கீங்களே?"

"பார்த்தாச்சு. டிரம் உங்களுது. சொல்லவேண்டியது நீங்க."

இருதயராஜ் கோந்து பாட்டிலைப் பார்த்தாரு. மாஸ்டர் மூஞ்சியைப் பார்த்தாரு. திரும்ப பாட்டிலைப் பார்த்தாரு.

"ஒட்டறேனான்னு பார்க்கறீங்களா மாஸ்டர்?"

"சந்தேகமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு."

கீழ ஒரு கார் வந்து நின்னுது. கதவு சாத்தற சத்தம் கேட்டுது. காத்தடிச்சுக்கிட்டிருந்தவன்கிட்ட யாரோ வழி கேட்டாங்க.

"சார்! இருதயராஜ் சார்! மேல இருக்கீங்களா?"

இருதயராஜ் எழுந்தாரு. சட்டையை இழுத்துவிட்டாரு. கதவுவரைக்கும் போனவரு, நின்னு திரும்பினாரு.

"மாஸ்டர், சீக்கிரம் சொல்லுங்க. பெங்களூர்லேருந்து வண்டி எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. விக்காமப் போனா பிலோமினா மாடியையே காலி பண்ணிடுவா. நான் அவருகிட்ட என்னதான் சொல்லட்டும்?"

மாஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்துக்கிட்டே சொன்னாரு.

"அந்தம்மாகிட்டச் சொன்னதையே சொல்லுங்க."

இருதயராஜ் திரும்பி வந்து, கோந்து பாட்டிலை விட்டுட்டு மரத் துண்டை மட்டும் கையில எடுத்துக்கிட்டாரு.

"சார்! வண்டிய இங்க விடலாமா? யாராவது வாங்க சார்!"

"வர்றேன் சார்," அப்படின்னு குரல் குடுத்துட்டு, படி இறங்கிப் போனாரு.